எனக்கு முன்னால் புறப்பட்ட பை

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். எனக்கு எழுத வராது. தோட்டத்துப் பள்ளியில் ஆரம்பப் படிப்போடு நின்றவள் நான். அதற்குப் பிறகு என் கை எழுதியது என் பெயரை மட்டும்தான், அதுவும் கோணலாக. இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து வேறொன்றில் போய் நிற்பேன். (அடுப்பில் என்ன வைத்தோம் என்று மூடியைத் திறந்து பார்த்துத் தெரிந்துகொள்கிற வயது.) ஜெயந்தி டீச்சர்தான் விடவில்லை. ஈப்போவில் பள்ளிக்கூடத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் தொண்டர் குழுவை நடத்துகிறவர். குழு மலருக்கு ஆளுக்கு ஓர் அனுபவம் எழுதியே ஆகவேண்டும் என்றார். டீச்சர் சொன்னால் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. யார் சொன்னாலும் வராது. இந்தக் கதை முழுவதும் அந்த வராத வாயால் வந்த வினைதான்.

மற்றவர்கள் எல்லாரும் அங்கே போய்ச் செய்த தொண்டைப் பற்றி எழுதுவார்கள். நான் போய்ச் சேராத நாளைப் பற்றி எழுதுகிறேன்.

நான் கேமரன் மலையில் தேயிலைக் கொழுந்து பறித்தே வயதானவள். கங்காணி திட்டினாலும் "ம்", பாராட்டினாலும் "ம்". என் வீட்டுக்காரர் செத்துப்போகும் வரைக்கும் என் குரலைக் கேட்டதே இல்லை என்று தோட்டத்து லைன் வீடுகளில் சொல்வார்கள். அது பொய். கொஞ்சம் கேட்டிருக்கிறார்.

அவர் போன பிறகு ஒரு திருவிழாவில் கோயில் அன்னதானத்துக்குச் சமைத்துக்கொண்டிருந்தேன். ஜெயந்தி டீச்சர் குழு வந்து சாப்பிட்டது. டீச்சர் நேராகச் சமையல்கட்டுக்கே வந்து, "கம்போடியாவுல யாருமில்லாத வயசானவங்களுக்கு ஓர் இல்லம் இருக்குக்கா. சமையலுக்குக் கை வேணும். வர்றீங்களா?" என்று கேட்டார். "ம்" என்றேன். பிறகுதான் கம்போடியா எந்தப் பக்கம் என்று விசாரித்தேன்.

போன பிறகு அந்த இடம் எனக்குப் பிடித்துவிட்டது. காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். இங்கே மொழி தெரிந்தும் ஏன் பேசவில்லை என்று எல்லாரும் கேட்பார்கள். அங்கே மொழி தெரியாது, அதனால் பேசவில்லை. யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை. பிறந்ததிலிருந்து எனக்கு ஏற்ற ஊர் அது ஒன்றுதான்.

அங்கேதான் மாலிஸ் எனக்குக் கிடைத்தார். இல்லத்தில் இருந்த அம்மா, ஏறக்குறைய என் வயதுதான். கால்கள் இரண்டும் சரியாக வராது, கைகள் மட்டும் மிஷின் மாதிரி. காலையில் நாற்காலியோடு அவரைத் தள்ளிக்கொண்டு வந்து சமையல்கட்டுக்குப் பின்னால் விடுவார்கள். நானும் அவரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து பூண்டு உரிப்போம், கங்கோங் கீரை ஆய்வோம். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவர் பாஷை தெரியாது. நான் ஆய்ந்து போட்ட கீரையை அவர் மறுபடி கிளறுவார். ஒரு முற்றிய தண்டை எடுத்து என் மூக்குக்கு நேரே ஆட்டி, நாக்கால் 'த்ச்' என்று ஒரு சத்தம் போட்டு என் மடியில் எறிவார். கங்காணிக்குப் பிறகு என் கையைக் குறை சொன்னவர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான். கங்காணி மேல் கோபம் வந்தது. இவர் மேல் வரவில்லை. ஏன் என்று எனக்கே தெரியாது.

தீபாவளிக்கு என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். கொஞ்ச நாள் இருந்துவிட்டு ஒரு சனிக்கிழமை திரும்பிப் போக டிக்கெட். அந்த வாரத்தில் டீச்சர் அங்கிருந்து போன் செய்தார்.

"அக்கா, மாலிஸ் அம்மாவுக்குச் சொந்தக்காரங்க கெடைச்சிட்டாங்க. அவங்க அக்கா மகனாம். வர்ற ஞாயித்துக்கெழம வந்து கிராமத்துக்குக் கூட்டிட்டுப் போறாரு."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அந்தம்மா தெனமும் என்னைக் கூப்பிட்டு இப்படி இப்படி விரலால பூண்டு உரிக்கிற மாதிரி செஞ்சு காட்டுறாங்க. அவ எங்கன்னு கேக்குறாங்க. சனிக்கெழம வந்துடுவாங்க பாருங்கன்னு நான் சொல்லி வச்சிருக்கேன். வந்துடுவீங்கதானே?"

"ம்," என்றேன்.

எங்கள் வீட்டில் யாருக்கும் நான் திரும்பிப் போவதில் விருப்பமில்லை. தீபாவளி முடிந்த வீட்டுக்கே ஒரு சோர்வு உண்டு. முறுக்கு டின்னில் தூள் மட்டும் கிடக்கும். வெளியே மழை விடாமல் தூறிக்கொண்டிருந்தது. தேயிலைச் சரிவு எது, மேகம் எது என்று தெரியவில்லை. மகன் குமரன் தேயிலை ஃபேக்டரியில் மிஷின் பார்க்கிறவன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். மருமகள் தேவி பாத்திரத்தைக் கொஞ்சம் பலமாக வைத்தாள். என் முகத்தைப் பார்த்துச் சந்தோஷமாக இருந்தவர் ஒரே ஒருவர், சம்பந்தி காமாட்சி. தேவியின் அம்மா. தீபாவளிக்கு மகளைப் பார்க்க வந்தவர், வரும்போதே தன் வீட்டு நாள்காட்டியை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்திருந்தார். (எங்கள் வீட்டு நாள்காட்டி மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை.)

பயணத் திட்டம் இதுதான். தானா ராத்தாவிலிருந்து பத்து மணிக்குக் கோலாலம்பூருக்கு, அதாவது கே.எல்.லுக்கு, பஸ். சாயந்திரம் விமானம். குமரன் காலை ஷிப்ட்டில் தலையைக் காட்டிவிட்டு ஒன்பதரைக்கு வந்து என்னைக் காடியில் (கார்தான்) ஏற்றிக்கொண்டு போவான். அதற்கு முன்னால் அவனால் வர முடியாது.

காலையில் சம்பந்தி நாள்காட்டித் தாளைக் கிழித்தார். நின்றுவிட்டார்.

"சம்பந்தி! இன்னிக்குச் சனிக்கெழம. ஒம்பதுலருந்து பத்தரை ராகு காலம். ஒம்பதரைக்கு வாசல் தாண்டுனா போற காரியம் வெளங்குமா?"

"ம்."

"வெளங்காது. ஆனா கவலப்படாதீங்க. ஆளு அப்புறம் போவட்டும். ஒம்பதுக்கு முன்னாடி பையை எடுத்து வெளிய வேற எடத்துல வச்சிட்டோம்னா, பயணம் நல்ல நேரத்துல தொடங்கிடுச்சின்னு கணக்கு. அப்புறம் நீங்க ராகுவுல போனாலும் ஒண்ணும் பண்ணாது."

இது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்தான். பக்கத்து வீட்டில் பையை வைத்துவிட்டு, போகும்போது எடுத்துக்கொள்வார்கள். வைத்த பையைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. அதெல்லாம் விட, ஒன்பதுக்கு முன்னால் நானே ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு போய் முச்சந்தியில் நின்றால் போதாதா என்று கேட்பீர்கள். எனக்கும் அது தோன்றியது. தோன்றியதோடு சரி.

"பாஸ்போட்டு எங்க?" என்றார் சம்பந்தி.

தோளில் மாட்டியிருந்த சின்னப் பையைத் தட்டிக் காட்டினேன்.

"ஐயய்ய! அதைப் பெரிய பையில போடுங்க. வெறும் துணி மட்டும் வெளிய போனா அதுக்குப் பேரு பயணமா? அது தோபிக்குப் போற மூட்டை லா!"

பாஸ்போர்ட் பெரிய பைக்குள் போனது. டிக்கெட் தாளும் போனது. எதற்கும் இருக்கட்டும் என்று மூக்குக் கண்ணாடியையும் அவரே எடுத்து உள்ளே வைத்தார்.

இனி எங்கே வைப்பது? இடப்பக்க வீட்டில் குழந்தை பிறந்து தீட்டு. வலப்பக்க வீடு பூட்டு. எதிரே கோழிக்கூண்டு. சம்பந்தி குடையோடு வாசலில் நின்று நாலாபக்கமும் பார்த்தார். லைன் முனையில் முனியாண்டியின் லோரி நின்றது. முனியாண்டி அந்த லைன்காரன்தான், மலையில் காய்கறி ஏற்றி இறக்குகிறவன். எனக்குத் தம்பி மாதிரி. (தம்பி மாதிரி என்றால் அவனிடம் பேசியிருக்கிறேன் என்று அர்த்தம் இல்லை.)

"அதுல முருகன் படம் மாட்டியிருக்கு. எலுமிச்சம்பழம் கட்டியிருக்கு. வீட்டைவிடச் சுத்தம். அதுல வைங்க," என்றார் சம்பந்தி.

அது லோரி, லோரி ஓடும் என்று என் மனசு சொன்னது. வாய் "ம்" என்றது.

இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கம் ஏற்றினோம். மழை என்பதால் சம்பந்தி தார்ப்பாயை இழுத்து, பை தெரியாத அளவுக்கு நன்றாக மூடினார். கற்பூரம் காட்டாத குறைதான். "நீங்க போயி முனியாண்டிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் சாம்பாரைப் பாக்குறேன்," என்று உள்ளே போய்விட்டார்.

ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைதான் என் கையில் விடப்பட்ட ஒரே வேலை. முனியாண்டி வீட்டு வாசல் வரைக்கும் போனேன். உள்ளே அவன் காலுறை ஒன்றைக் காணோம் என்று பெண்டாட்டியிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். சண்டை நடக்கிற வீட்டில் போய்ப் பை என்று எப்படிச் சொல்வது? அவன் வெளியே வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பி, எங்கள் வாசல் கூரைக்குக் கீழே வந்து நின்றேன். எப்படியும் அவன் சாயந்திரம்தான் வண்டி எடுப்பான். தினமும் அப்படித்தான்.

அன்றைக்கு அப்படி இல்லை. வெளியே வந்தான். ஒரு காலில் மட்டும் உறை. ஏறினான். வண்டி உறுமியது.

நிறுத்து என்று கத்த வேண்டும். லைனில் எல்லாரும் கத்துகிறார்கள், பிள்ளைகள்கூடக் கத்துகின்றன. நான் கையை மட்டும் தூக்கி ஆட்டினேன். முனியாண்டி கண்ணாடியில் பார்த்தான். முகமெல்லாம் பல்லாக, "பத்திரமா போயிட்டு வாங்கக்கா!" என்று கத்தி, இரண்டு ஹாரன் கொடுத்துவிட்டுப் போனான். ஊருக்குப் போக வேண்டிய நான் வாசலில் நின்று என் பையை வழியனுப்பி வைத்தேன்.

அப்போதாவது உள்ளே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கடைக்குத்தான் போயிருப்பான், வந்துவிடுவான் என்று நின்றேன். மழை பார்த்தேன். கோழிக்கூண்டைப் பார்த்தேன். குமரன் வந்து காடியை நிறுத்தினான்.

"பை எங்கம்மா?"

"போயிடுச்சு."

"எங்க போயிடுச்சு?"

"முன்னாடியே."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு உள்ளேயிருந்து கரண்டியோடு வந்த மாமியாரைப் பார்த்தான். சம்பந்தி காலியாக இருந்த லைன் முனையைப் பார்த்தார். அவர் வாயடைத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அதுவும் கொஞ்ச நேரம்தான்.

"ஒம்பதுக்கு முன்னாடி போச்சா, பின்னாடி போச்சா?" என்று கேட்டார்.

குமரன் முனியாண்டிக்குப் போன் போட்டான். அவன் பெண்டாட்டி எடுத்தாள். "அவரு போனு இங்கயே சார்ஜ்ல கெடக்கு தம்பி. அவசரமா வரச் சொன்னாங்கன்னு ஓடிட்டாரு. லெம்பா பெர்த்தாமாதான் இருக்கும், இந்த வாரமெல்லாம் அங்கதான் ஏத்துனாரு."

லெம்பா பெர்த்தாம் தெற்கே, அணைக்கட்டுக்குக் கீழே. சம்பந்தியும் எங்களோடு கிளம்பினார். வேண்டாம் அத்தை என்று குமரன் சொன்னான். "நான் வெச்ச பையி, நான்தான் எடுக்கணும்," என்று பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். மணி சரியாக ராகு காலத்துக்கு நடுவில். அதை அவர் சொல்லவில்லை. ஆனால் காடி வாசலைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டார்.

வழியெல்லாம் குமரன் பேசிக்கொண்டே வந்தான். அவன் பேசிய தொனியில் நான் ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டேன்.

"நான் தெரியாமத்தான் கேக்கறேன். இங்க ஒனக்கு என்ன கொறை? இந்த வயசுல வேற நாட்டுல போயி யாரோ ஒருத்தங்களுக்குப் பூண்டு உரிக்கணுமா? இங்க தேவி ஒத்த ஆளா அல்லாடுறா. நம்ம வீட்டுல பூண்டே இல்லையா?"

"இருக்கு மாப்பிள்ளை, ரெண்டு கிலோ வாங்கி வச்சிருக்கேன்," என்றார் சம்பந்தி பின்னாலிருந்து.

நான் "ம்" என்றேன். அது அவனுக்கு இன்னும் கோபம்.

"இந்த 'ம்'மை விடும்மா. வாயத் தொறந்து சொல்லு. லோரியில வைக்கும்போதே வேணாம்னு ஒரு வார்த்தை சொல்ல முடியல. அங்க போயி நீ என்னதான் பேசுற?"

"நாளைக்கு அந்தம்மாவக் கூட்டிட்டுப் போயிடுவாங்கடா," என்றேன்.

எனக்கே என் குரல் புதிதாகக் கேட்டது. குமரன் காடியை வேகமாக விட்டான்.

லெம்பா பெர்த்தாமில் சேறும் தண்ணீரும் வழிந்த பாதையில் இறங்கி ஒவ்வொரு தோட்டமாகக் கேட்டோம். முனியாண்டியை யாரும் பார்க்கவில்லை. தக்காளி கட்டிக்கொண்டிருந்த ஒருவர், "இன்னிக்கு அவன் கோலா தெர்லால்ல ஏத்துறான். முட்டைக்கோஸ் அழுகுதுன்னு காலையிலேயே வரச் சொல்லிட்டாங்க," என்றார்.

கோலா தெர்லா வடக்கே, மலையின் அந்தக் கோடி. நாங்கள் முழுக்க முழுக்கத் தப்பான பக்கம் வந்திருந்தோம்.

திரும்பினோம். அன்றைக்குச் சனிக்கிழமை என்று நான் முன்பே சொன்னேன். சனிக்கிழமையில் பிரிஞ்சாங்கைத் தாண்டி வடக்கே காடியில் போனவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். கே.எல்.லிலிருந்து வந்த காடிகள் ஒன்றின் பின்னால் ஒன்றாக நின்றன, அசையவே இல்லை. ஸ்ட்ராபெரி மாதிரித் தொப்பி போட்டவர்கள் கதவைத் திறந்து இறங்கி மேகத்தைப் படம் எடுத்தார்கள். பத்து மணி பஸ் இந்நேரம் கே.எல்.லை நெருங்கியிருக்கும். நாங்கள் ஒரு பூக்கடை வாசலிலேயே நின்றோம். அந்தக் கடையில் இருந்த சாமந்தி எல்லாம் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. வாடியது எது என்றுகூடச் சொல்வேன்.

சம்பந்தி இறங்கிப் போய் அவித்த சோளம் வாங்கிக்கொண்டு வந்தார்.

"சாப்பிடுங்க சம்பந்தி. இப்ப எமகண்டம் வேற ஆரம்பிச்சிடுச்சு. மூணு மணி வரைக்கும் எதுவும் நடக்காது. சும்மா பசியோட எதுக்கு?"

குமரன் ஸ்டீரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். நான் சோளத்தைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தேன். இந்நேரம் மாலிஸை நாற்காலியோடு தள்ளிக்கொண்டு வந்து சமையல்கட்டுக்குப் பின்னால் விட்டிருப்பார்கள், வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கழுத்தைத் திருப்புவார் என்று நினைத்தேன். சோளம் ஆறிப்போனது.

சம்பந்தி கணக்கு ஒன்றில் மட்டும் பலித்தது. மூன்று மணிக்கு முன்னால் எதுவும் நடக்கவில்லை. திரிங்காப்பைக் கடந்து கோலா தெர்லா போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. முனியாண்டியின் லோரி தோட்டத்துக் கொட்டகை முன்னால் நின்றது. அடி முதல் முடி வரை கோஸ். பச்சை மலை மாதிரி இருந்தது.

முனியாண்டி என்னைப் பார்த்ததும், "அக்கா! கம்போடியா போவலயா?" என்றான், ரொம்பச் சாவகாசமாக.

"அவங்க பையி உன் லோரியில கெடக்கு!" என்று குமரன் கத்தினான்.

"பையா? எந்தப் பையி? ... ஓ, அந்தக் கருப்புப் பையா? நான் என்னமோ தோட்டத்துக்காரரு கே.எல்.லுக்குக் குடுத்து விடுறாருன்னு நெனச்சேன். அவரு என்னமோ அது என் பையின்னு நெனச்சாரு. முன்னாடி கேபினை ஒட்டிப் பத்திரமா வச்சு அது மேல ஏத்தியிருக்கோம்."

பத்திரம் என்றால் அப்படி ஒரு பத்திரம். அதை எடுக்க வேண்டுமானால் பாதி கோஸை இறக்க வேண்டும். தோட்டக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். வேலையாட்கள் முனகிக்கொண்டே கூடை கூடையாக இறக்கினார்கள். குமரனும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஏறினான். பை கடைசியில் வெளியே வந்தது. ஒரு பக்கம் நசுங்கி, கோஸ் வாசனையோடு. பாஸ்போர்ட் நனையவில்லை. மூக்குக் கண்ணாடி இரண்டாக உடைந்திருந்தது.

"பாத்தீங்களா, சாமான் ஒண்ணும் போவல," என்றார் சம்பந்தி.

விமானம் ஏறுகிறவர்கள் இந்நேரம் ஏர்போர்ட்டில் வரிசையில் நின்றிருப்பார்கள். சிறகு முளைத்தாலும் நான் போய்ச் சேர முடியாது. மறுநாளைக்கு இடம் இருக்கிறதா என்று குமரன் போனிலேயே தேடிப் பார்த்தான். பண்டிகை முடிந்து எல்லாரும் திரும்புகிற நேரம். வாரத்தின் நடுவில்தான் கிடைத்தது.

அப்போதுதான் ஜெயந்தி டீச்சர் போன் வந்தது. முகம் தெரிகிற போன். "அக்கா ஏர்போர்ட்டுல இருக்காங்களா குமரன்?" குமரன் நடந்ததைச் சொன்னான். டீச்சர், "அப்ப இப்பவே அந்தம்மாவப் பாத்துடட்டும். போனை அவங்ககிட்ட கொண்டு போறேன்," என்றார்.

குமரன் போனை என் கையில் கொடுத்தான். போன் கண்ணாடியில் ஒரு சுவர் ஆடியது, ஒரு கதவு ஆடியது, மாலிஸ் வந்தார். மடியில் கீரைத் தட்டு.

என்னைக் கண்டதும் அவர் பேச ஆரம்பித்தார். அவர் பாஷையில், மூச்சு விடாமல், விரலை நீட்டி. திட்டுகிறார் என்று தெரிந்தது. என்ன திட்டு என்று தெரியவில்லை. டீச்சரும் சொல்லவில்லை. நான் "ம், ம்" என்றேன். என்னைச் சுற்றி வேலையாட்கள், முனியாண்டி, தோட்டக்காரர், எல்லாரும் வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தார்கள்.

"ஏதாவது பேசும்மா," என்றான் குமரன் மெதுவாக.

என்ன பேசுவது? நாங்கள் இரண்டு பேரும் பேசிப் பழகியதே இல்லையே. எங்களுக்கு நடுவில் எப்போதும் ஒரு தட்டு இருக்கும், கை வேலை செய்துகொண்டிருக்கும். போனில் அதற்கு இடமில்லை. நான் சுற்றும் பார்த்தேன். போனைக் குமரன் கையில் திணித்துவிட்டு ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு கோஸை எடுத்து மடியில் வைத்து மேல் இலையை உரிக்க ஆரம்பித்தேன்.

"அக்கா, அது பாசாருக்குப் போற கோஸ்!" என்றார் தோட்டக்காரர். "மேல் எலைய உரிச்சா எவன் வாங்குவான்?" பிறகு போனில் இருந்த முகத்தைப் பார்த்தார். "சரி, ஒண்ணு உரிச்சுக்குங்க," என்றார்.

மாலிஸ் திட்டுவதை நிறுத்தினார். கண்ணைச் சுருக்கி என் கையையே பார்த்தார். நான் உரித்தேன், அவர் பார்த்தார். பிறகு அவரும் தன் தட்டிலிருந்து ஒரு கீரைத் தண்டை எடுத்து ஆய ஆரம்பித்தார். மழைத் துளி விழுந்து விழுந்து போன் கண்ணாடி மங்கியது. குமரன் சட்டையால் துடைத்துத் துடைத்துப் பிடித்தான். நான் ஓர் இலையைக் கிழித்துவிட்டேன். அந்தப் பக்கமிருந்து 'த்ச்' என்று சத்தம் வந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். மாலிஸ் சிரித்தார்.

மூன்று கோஸ் உரித்தேன். தோட்டக்காரர் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் இன்னொரு தடவை பேசலாம் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அந்த அக்கா மகன் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். டீச்சர் போனை எடுத்துக்கொண்டு ஓடியபோது வண்டி தெருமுனை திரும்பிவிட்டதாம்.

வாரத்தின் நடுவில் நான் போய்ச் சேர்ந்தேன். ராகு காலம் பார்க்காமல்தான் போனேன், ஒன்றும் ஆகவில்லை. (அதுதான் வயிற்றெரிச்சல்.) மாலிஸ் கட்டிலில் வேறொரு அம்மா படுத்திருந்தார். நல்லவர். நான் எப்படிக் கீரை ஆய்ந்தாலும் தலையை ஆட்டிக்கொள்வார். அவருக்கு எதுவும் குறையாகத் தெரியவில்லை. அந்த மாதம் முழுவதும் சாம்பாரில் முற்றிய தண்டு வந்தது. சாப்பிட்டவர்கள் யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

மாலிஸைப் பற்றிப் பிறகு சேதி இல்லை. டீச்சர் கேட்டுப் பார்த்தார். அந்த எண்ணில் யாரும் எடுப்பதில்லை.

எங்கள் வீட்டில் இப்போது யார் எங்கே புறப்பட்டாலும், தானா ராத்தாவுக்கு மருந்து வாங்கப் போனாலும், "பை போயிடுச்சா?" என்றுதான் கேட்பார்கள். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது புத்தகப் பையைப் பிடித்துக்கொண்டு, "முனியாண்டி மாமா லோரியில வைக்காதீங்க பாட்டி!" என்று கத்திக்கொண்டு ஓடும். முனியாண்டி என்னைப் பார்த்தால் இரண்டு ஹாரன் கொடுக்காமல் போவதில்லை. கல்யாண வீட்டில், கருமாதி வீட்டில், எங்கே நாலு பேர் சேர்ந்தாலும் குமரன் இந்தக் கதையைச் சொல்வான். என்னைப் போலவே கையை ஆட்டிக் காட்டுவான். எல்லாரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். கோஸ் உரித்ததை மட்டும் அவன் சொல்வதில்லை. லோரியிலிருந்து பை வெளியே வந்ததோடு நிறுத்திக்கொள்வான்.

சம்பந்தி மட்டும் சிரிக்க மாட்டார். எல்லாரும் சிரித்து முடித்த பிறகு வெற்றிலையை மடித்துக்கொண்டே சொல்வார்: "சிரிங்க, சிரிங்க. நல்ல நேரத்துல பொறப்பட்டது பையி. அது நனையாம, தொலையாம வந்து சேந்துச்சா இல்லையா? ராகு காலத்துல பொறப்பட்டது ஆளு. அதான் ஆளு போய்ச் சேரல."



டீச்சர், அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் நீங்கள் ஒரு தடவை சரிபார்க்க வேண்டும். அந்த ஆளை அக்கா மகன் என்று எழுதியிருக்கிறேன், தங்கை மகனாக இருந்தாலும் இருக்கும். கிராமத்துப் பெயர் எனக்கு வாயில் நுழையவில்லை, அதனால் விட்டுவிட்டேன், தெரிந்தால் போடுங்கள். எழுத்துப் பிழை எல்லாம் நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள். இன்னொன்று. போனில் மாலிஸ் சிரித்தார் என்று எழுதிவிட்டேன். நான் மழையில், மூக்குக் கண்ணாடி இல்லாமல் பார்த்தவள். நீங்கள் அவர் பக்கத்தில் நின்றவர். அது சிரிப்புதானா என்று யோசித்துப் பாருங்கள். இல்லை என்றால் என்னிடம் சொல்ல வேண்டாம், அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள்.